சுவரில் இருந்த யானை

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
18-8-2002

அன்புள்ள தங்கை சகாயமேரிக்கு,

அக்கா அன்புக்கரசி எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான், நீ வளர்த்த வெள்ளாடு எல்லோரும் ஏதோ இருக்கிறோம். மழைதான் இல்லை. குடகனாற்றில் மணலைத் தோண்டி ஊற்றுப் பார்க்கிறார்கள். நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அம்மாவின் முழங்கால் வீக்கம் வடியவில்லை. குடத்தை இறக்கும்போது மட்டும் "மாதாவே" என்கிறாள்.

நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மீரான் பாயின் ஜெராக்ஸ் கடையில்தான் இன்னும் இருக்கிறேன். பட்டம் வாங்கிய பிள்ளையை இந்த வேலைக்கு வைத்திருக்கிறோமே என்று பாய்தான் வருத்தப்படுகிறார். எனக்கு வருத்தமில்லை. வருகிறவர்கள் தாளைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அதுதான் வசதி.

உனக்கு வரும் கடிதங்களைச் சென்னை இல்லத்து அலுவலக அம்மா முதலில் வாசித்துவிட்டுத் தருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல். உன் எழுத்து முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. காலால் எழுதியது என்றால் பாய் நம்பவில்லை. "எம் பயலுக கையால எழுதுறது கோழி கிண்டுன மாதிரி இருக்கும். இது என்னம்மா, முத்துக் கோத்த மாதிரி இருக்கு" என்றார்.

மாதா திருநாளன்று உன் படத்தைக் கோயில் மைதானத்தில் போட்டார்கள். அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன். இல்லம் எடுத்திருக்கிற குறும்படங்களிலேயே உன் படத்துக்குத்தான் வெளிநாட்டிலிருந்து அதிகம் கடிதம் வருகிறதாம். இருட்டியதும் சப்பரம் கிளம்புவதற்கு முன்பு வேட்டி கட்டித் திரை போட்டார்கள். ஏற்பாடு முழுவதும் நம் ஊர் நூல் மில்காரர்கள். சூப்பர்வைசர் கருப்புசாமி அண்ணன்தான் மைக்கில் பேசினார். நம் ஊர் மண்ணில் பிறந்த ஓவியர், தன்னம்பிக்கையின் சின்னம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போட்டார். அப்பா மில் வாட்ச்மேன் யூனிபாரத்திலேயே போனார். சால்வையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

திரை முழுவதும் உன் பாதம். இரண்டு விரல்களுக்கு நடுவே தூரிகை. கூட்டத்தில் நிறையப் பேர் அழுதார்கள். பக்கத்து வீட்டுப் பொம்மையன் மாமா அழுதுகொண்டே சண்டையும் போட்டார். படத்தில் நம் வீட்டுச் சுவரைக் காட்டி, "தான் பார்த்தேயிராத யானையை இந்தச் சிறுமி கரித்துண்டால் வரைந்திருக்கிறாள், ஒற்றைக் காதைத் தூக்கி அது எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது" என்று ஒரு குரல் வருகிறதல்லவா? அதற்குத்தான் சண்டை. "எவன்டா அவன், பாத்ததே இல்லேன்னு சொன்னது? பழனிக்கு நான்தான கூட்டிட்டுப் போனேன். ஆனை தும்பிக்கையத் தலையில வைக்கவும் எம் வேட்டியில ஒண்ணுக்கு விட்டவ தான அவ" என்றார். பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அம்மா திரையையே பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில் விடுதியிலிருந்து வேனில் பெண்களைக் கூட்டிவந்து வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். "கம்பியில துணி காயப்போட்டப்ப கரண்டு அடிச்சிருச்சு" என்று உன் குரல் வந்தபோது அந்த வரிசையில் யாரும் தலை நிமிரவில்லை. யானை வந்தபோது மட்டும் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். வார்டன் எட்டி அவள் தலையில் குட்டினாள்.

கடைசியில் நீ வரைந்த மின்கம்பம் படம். கம்பியில் வரிசையாகக் குருவிகள். அதைத்தான் இல்லத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக அச்சடித்தார்களாம். மில் ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது என்று அப்பா சொன்னார்.

திருநாளுக்காக அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். உன் சுவருக்கும் சேர்த்துத்தான். நான் வேலையிலிருந்து திரும்பியபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. வீடு பெரிதாகிவிட்டதுபோல் தெரிந்தது.

வேறு என்ன? ராத்திரி ஜெபம் முடிந்ததும் உன் நெற்றியில் சிலுவை போட அங்கே யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கச் சொல்கிறாள். நீ ஒவ்வொரு முறையும் அதற்கு மட்டும் பதில் எழுதுவதில்லை. யாராவது இருந்தால் அவர்களுக்கு எங்கள் ஜெபம் உண்டு என்று சொல். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா,
அன்புக்கரசி

——

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
24-11-2002

அன்புள்ள தங்கை சகாயத்துக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மீரான் பாயின் மருமகன் அப்துல் வாஹித் அண்ணன் பூட்டு லோடு ஏற்றிக்கொண்டு சென்னை வருகிறார். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் உன்னிடமே கொடுப்பார். நீ படித்து முடிக்கும்வரை நிற்பார். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. நல்ல மனிதர். அவர் எதிரில் காலால் பக்கம் திருப்பக் கூச்சப்படாதே.

மில்லில் இன்னொரு பெண்ணுக்குக் கை போய்விட்டது. நெய்க்காரப்பட்டிக்காரப் பெண், பெயர் நாகஜோதி. உனக்கு ஆனபோது என்ன வயதோ ஏறக்குறைய அதே வயது. மூன்று வருட ஒப்பந்தம். முடித்தால் கல்யாணத்துக்குச் சேர்ந்தாற்போல் ஏதோ கொடுப்பதாகச் சொல்லித்தான் அவளையும் வேனில் ஏற்றினார்களாம். அதே பஞ்சு மூட்டை பிரிக்கிற மெஷின். வலது கை, முழங்கைக்கு மேலே. அவள் மற்றக் கையைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்தியிருக்கிறாள். உன் பக்கத்தில் அன்றைக்கு யாரும் இல்லை. மாட்டிய கையை இழுக்க நீ இன்னொரு கையைக் கொடுத்தாய்.

நாகஜோதியின் அம்மா சுந்தரம்மாள் நம் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பு பல நாள் மில் கேட்டில் வந்து நின்றிருக்கிறார். அப்பாதான் அவரை உள்ளே விடவில்லை. அப்பாவின் வேலை அது. அந்தப் பக்கத்து ஆள் யாரோ சொல்லி, விசில் ஊதித் தன்னைத் தள்ளி நிற்கச் சொன்ன வாட்ச்மேனின் வீட்டையே விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாசலில் நின்று, "ஏனுங்க அம்மிணி, ஸ்தனிஸ்லாஸ் ஐயா வூடு இதுதானுங்களா?" என்று கேட்டபோது, யாரோ துக்கம் சொல்ல வந்தவர் என்று நினைத்தேன். குரல் அப்படி இருந்தது.

மில்காரர்கள் நஷ்டஈட்டு விசாரணையில் ஒரு பதில் கொடுத்திருக்கிறார்கள். அந்த மெஷின் வாங்கிய நாளிலிருந்து ஒருவரையும் ஒன்றும் செய்ததில்லை, மூடியைத் தாண்டிக் கை உள்ளே போக வழியே இல்லை, பெண் தூங்கி விழுந்து தானாகத் திறந்து விட்டுக்கொண்டாள் என்று. சுந்தரம்மாள் இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க தங்கச்சிக்கும் அதே மெசினுலதான் போச்சுன்னு மில்லுப் புள்ளைங்க பேசிக்குதுங்க. நாஞ் சண்டைக்கு வரலீங்க அம்மிணி. அந்தக் கண்ணு ஒருக்கா வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லோணும். எம்புள்ள தூங்குமூஞ்சி இல்லீங்க. ஆடு குட்டி போடறப்ப விடிய விடிய முழிச்சிருந்த புள்ளைங்க" என்றார்.

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். வெஞ்சனத்துக்குத் துவையல் மட்டும்தான் இருந்தது. சுந்தரம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அந்த நேரத்தில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார்.

சுந்தரம்மாள் எச்சில் கையோடு எழுந்து நின்று, "ஐயா, நீங்களும் ஒரு தகப்பன்தானுங்களே" என்றார். அப்பா தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு ஆணியைப் பார்த்தே பதில் சொன்னார். "எம் மகளுக்குக் கரண்டுதாம்மா அடிச்சுச்சு. படத்துல அவளே சொல்லியிருக்கா. ஊரே பாத்துச்சு. போய்ட்டு வாங்க."

அவர் போன பிறகு அப்பா முகம் கழுவினார். லாரித் தண்ணீர் என்று பாராமல் கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா, "ஒங்க வாயில எப்படித்தான் வருது அது?" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அப்பா, "வராட்டி அடுப்புல என்னத்த வச்சு எரிப்ப? அவளுக்குக் கை செய்யக் குடுத்திருக்காக. அதையும் கெடுக்கப் போறியளா ஆத்தாளும் மகளும்?" என்றார். உனக்குப் பேட்டரியில் வேலை செய்கிற கை பொருத்தப் போகிறார்கள், அதற்கு மில் முதலாளி பொறுப்பெடுத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ எங்களுக்கு எழுதவே இல்லையே. நடந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயா?

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீ மயக்கத்தில் இருந்தாய். மில் வேனில் கருப்புசாமி அண்ணன்தான் கொண்டுவந்தார். சீட்டு எழுதுகிறவரிடம், "வீட்டுல கரண்டு அடிச்சிருச்சு" என்று அவர்தான் சொன்னார். அப்பாவைத் தக்காளிக் காட்டிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். காலில் சேறு காயவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. போலீஸ்காரர் வந்து கேட்டபோது, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டார். மறுநாள் உண்மை தெரிந்தது. கருப்புசாமி அண்ணன் அப்பாவைத் தனியே கூட்டிப்போய், "ஒருக்காச் சொன்னத மாத்துனா பொய் வாக்குமூலம்னு ஒங்களத்தான் உள்ள வைப்பாங்க, பாத்துக்கங்க" என்றார். அப்பா நம்பினார். கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த நானும் நம்பினேன். எங்கள் யாருக்கும் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. பிறகு வாட்ச்மேன் வேலை வந்தது. நான் கல்லூரிக்குப் போன அந்த வருடம்தான் நீ மில்லுக்குப் போனாய் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நீ கண் விழித்ததும் கையைக் கேட்கவில்லை. "அக்கா, அந்த மூடியக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டி வச்சிருக்காங்க. அவுத்துவிடச் சொல்லு. சின்னப் புள்ளைக நிக்குதுக" என்றாய். அடைத்த பஞ்சை மெஷினை நிறுத்தாமலே பிடுங்குவதற்காகத் தூக்கிக் கட்டியிருந்தார்கள் என்றாய். பிறகு மருந்தில் தூங்கிவிட்டாய். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவில்லை. சுந்தரம்மாளின் பெண் நின்ற இடத்திலும் மூடி அப்படித்தான் கட்டியிருந்ததாம். கம்பிகூடப் பழையதாம், துருப்பிடித்ததாம்.

இன்னொன்று. படம் எடுக்க வந்த கிறிஸ்துராஜ் சார் சுவரில் நீ வரைந்திருந்ததைப் பார்த்தபோது நீ உள்ளே அம்மாவிடம் தலை பின்னிக்கொண்டிருந்தாய். அவர் கெட்ட மனிதரில்லை. படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, யானையா?" என்று கேட்டார். பெரிய உடம்பு, நாலு கால், மேலே வளைந்து போகிற குழாய். வெளியே கருப்புசாமி அண்ணன் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். அப்பா, "ஆமாங்க, ஆனைதான்" என்றார். "ஒரு காதை மட்டும் ஏன் தூக்கி வச்சிருக்கு?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்து, "ஈ ஓட்டுதுங்க" என்றார். சாருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நீ பேசும்போது கேமராவைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துப் பேசியதும் அவருக்குப் பிடித்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

சகாயம், என்ன செய்யலாம் என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பதிலை வாஹித் அண்ணனிடமே கொடுத்தனுப்பு. சாப்பிடு. ஊட்டிவிடுகிற பிள்ளை வரத் தாமதமானால் பட்டினியாக இருந்துவிடாதே, கூச்சப்படாமல் கூப்பிடு. கூச்சப்பட நம் வீட்டில் நான் ஒருத்தி போதும். ஆண்டவர் உன் பக்கத்தில் இருப்பாராக.

உன் அக்கா,
அன்புக்கரசி

——

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
9-2-2003

என் தங்கச் சகாயத்துக்கு,

உன் பதில் கிடைத்தது. சின்னத் தாள்தான். "அக்கா, மார்ச்சில் கை மாட்டுகிறார்கள். அளவெடுத்துவிட்டார்கள். விரல் மூடித் திறக்குமாம். மாட்டியதும் முதலில் நானே எனக்குச் சிலுவை போட்டுப் பார்ப்பேன். அதுவரைக்கும் என்னிடம் எதுவும் கேட்காதே" என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா தாளை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் உன்னிடம் கேட்காமல் இருந்தேன். நானே போனேன்.

போன வாரம் விசாரணை. தெரிந்தவர் ஒருவரோடு ஓட்டலுக்குச் சாப்பிடப் போகவே எனக்குக் கால் பின்னும், உனக்குத் தெரியும். அந்த அறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசாரிக்கிற அதிகாரி ஓர் அம்மா. "சத்தமாச் சொல்லும்மா, எழுதுறவருக்குக் கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்துச் சொன்னதைச் சொன்னேன். மூடியைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன். மில் வக்கீல் எழுந்து, நேரில் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உன் தங்கச்சி படத்துல பொய் சொல்லுதா? இல்ல, நீ இங்க பொய் சொல்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார். சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மில் தரப்பில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், நான் இந்தப் பக்கம். யூனிபாரத்தைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். முந்தின நாள் அம்மா துவைத்துக் கொடுத்ததுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பானையிலிருந்து கஞ்சி ஊற்றி அனுப்பியிருந்தாள். அப்பா கரண்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இப்போது கையெழுத்துப் போடுகிறார், நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

அதற்கப்புறம் உன் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். உன் பாதம் வந்தது. உன் குரல் வந்தது. துணி காயப்போட்டேன், கரண்டு அடித்துவிட்டது. வக்கீல் போதும் என்று நிறுத்தப் போனார். அதிகாரி அம்மா, "ஓடட்டும், முழுசாப் பாக்கணும்" என்றார். அவருக்கும் படம் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நாகஜோதி முன் வரிசையில் இருந்தாள். கை இருந்த இடத்தைத் துண்டால் மூடியிருந்தாள். நம் வீட்டுச் சுவர் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "அது ஆனை இல்லீங்க" என்றாள். அறையில் யாருக்கும் புரியவில்லை. சுந்தரம்மாள், "உக்காரு கண்ணு" என்று பாவாடையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. "மெசினுங்க. எங்க மெசினு. மேல போறது தும்பிக்கை இல்லீங்க, பஞ்சு இழுக்கற குழாய். காதுன்னு சொல்றாங்களே, அது மூடி. தூக்கிக் கட்டியிருக்குது பாருங்க. கம்பியும் வரைஞ்சிருக்கறாங்க பாருங்க. திருவிழாவுல பாத்தப்பவே எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க, நம்ம மெசினப் போயி ஆனைங்கறாங்களேன்னு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். திருநாளன்று களுக்கென்று சிரித்தது அவள்தான், சகாயம். வார்டனிடம் குட்டு வாங்கியதும் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு இரண்டு கையும் இருந்தன.

அதிகாரி அம்மா படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தச் சொன்னார். டிவியில் படம் நடுங்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் போய்ப் பார்த்தார். காதின் நுனியிலிருந்து முதுகுக்கு ஒரு கோடு. நீ அதை இரண்டு முறை அழுத்தி இழுத்திருக்கிறாய். வக்கீல் சிரித்தார். "சின்னப்புள்ள கிறுக்குனதுங்க மேடம். பாக்கறவங்களுக்கு எது வேணா தெரியும்" என்றார். அந்தச் சுவரை நேரில் பார்க்க முடியுமா என்று அதிகாரி அம்மா கேட்டார். வெள்ளையடித்தாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். யார் அடித்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அப்பாவே எழுந்து, "நாந்தான் அடிச்சேங்கம்மா. திருநாளுக்கு" என்றார். அதிகாரி அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை, பாதியில் குனிந்தபடி இருந்தார்.

முடிவாக அதிகாரி அம்மா சொன்னது இதுதான். அடுத்தவர் சொல்வதைக் கொண்டு ஒரு படத்துக்கு அர்த்தம் எழுத முடியாது. வரைந்தவர் வந்து, தான் என்ன வரைந்தேன் என்று சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். மார்ச்சுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

அப்பாவை முன் கேட்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். பின்னால் கழிவுப் பஞ்சு கொட்டுகிற பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். விசிலையும் வாங்கிக்கொண்டார்கள். நான் பேசியதற்காக. அப்பா என்னைத் திட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்கிறார், டப்பா என் பக்கத்தில் இருந்தாலும்.

இல்லம் எடுத்த மற்றப் படங்களின் கேசட்டுகளையும் பாயின் கடைக்கு எதிரில் வாடகைக்கு விடுகிறவரிடம் வாங்கிப் பார்த்தேன். கண் தெரியாத நாதஸ்வரக்காரர் ஒருவர். அநாதைப் பிணங்களை அடக்கம் செய்கிற ஒருவர். தீக்காயம் பட்டும் நூறு பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தருகிற ஒரு பெண். எல்லோரும் கடைசியில் சிரிக்கிறார்கள், புல்லாங்குழல் ஒலிக்கிறது. நல்ல படங்கள்தான். அந்த மனிதர்கள் பெரியவர்கள்தான். ஆனால் எனக்கு இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரையே பார்க்கிறேன். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு எப்படித் தீப்பிடித்தது என்று சொல்லும்போது அவள் யாரைப் பார்க்கிறாள் என்று பார்க்கிறேன். அவளும் கேமராவைப் பார்க்கவில்லை.

நம் சுவரைப் பற்றி எழுத வேண்டும். நீ சாய்ந்து உட்காருகிற இடத்தில், உன் நெற்றி இருக்கும் உயரத்தில், அம்மா தினமும் ஜெபம் முடிந்ததும் கட்டைவிரலால் சிலுவை போடுகிறாள். நீ சென்னைக்குப் போன நாளிலிருந்து போடுகிறாள். எங்களுக்குத் தெரியாமல் போடுவதாக அவளுக்கு நினைப்பு. விசாரணை முடிந்து வந்த அன்றிலிருந்து விரலை ஈரம் தொட்டுக்கொண்டு அழுத்தித் தேய்க்கிறாள். ஒரே பூச்சாக அடித்த சுண்ணாம்பு. அந்த இடத்தில் உதிர்ந்து உன் கரிக்கோடு தெரிகிறது. இப்போதைக்குக் காதும், கம்பியும், முதுகில் கொஞ்சமும் தெரிகின்றன.

மிச்சச் சுண்ணாம்பு வாளி மூலையில்தான் இருக்கிறது, அடிக்கிற மட்டையும் அதிலேயே கிடக்கிறது. முந்தாநாள் அப்பா சுவருக்கு முன்னால் போய் நின்றார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாளியை எடுத்தார். வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சகாயம், உன்னை வா என்று நான் எழுதவில்லை. வந்தால் மில்காரர்கள் கொடுப்பதாகச் சொன்ன கை வராது. அப்பாவின் வேலையும் இருக்காது. எதை இழப்பது என்று சொல்ல இரண்டு கையும் உள்ள எனக்கு வாய் இல்லை. சுந்தரம்மாளிடம் நீ வருவாய் என்றும் சொல்லவில்லை, வரமாட்டாய் என்றும் சொல்லவில்லை. உன் காலில் வலி என்றேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். நீ வந்தால், பொய் சொன்னாயா என்று உன்னை யாரும் கேட்காதபடி அந்த அதிகாரி அம்மா பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். அவர் உன்னைக் கேட்கப்போவது ஒன்றே ஒன்று, சுவரில் வரைந்தது என்ன என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த மூடி இன்னும் கட்டித்தான் இருக்கிறதாம். நாகஜோதியின் இடத்தில் ஆயக்குடிப் பெண் ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்களாம்.

இந்தக் கடிதத்தை மட்டும் வாஹித் அண்ணனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுத் தாளின் கீழே சிலுவை போடச் சொன்னேன். சுவரைத் தேய்த்துவிட்டு அப்படியே வந்தாள். கட்டைவிரலில் உன் கரி இருந்தது. துடைத்துவிட்டுப் போடு என்றேன், கேட்கவில்லை. கீழே கறுப்பாக இருப்பது அதுதான். மை கொட்டிவிட்டது என்று நினைத்துவிடாதே.

படித்து முடித்ததும் தாளைத் தரையில் வைத்து, குனிந்து உன் நெற்றியை அதில் வை.

உன் அக்கா,
அன்புக்கரசி